கேட்டு வரப்பு

முடிச்சூரில் அந்தத் தெருவில் எல்லா வீட்டு கேட்டிலும் குறுக்கே ஒரு வரப்பு உண்டு. இரண்டாயிரத்துப் பதினைந்தாம் வருஷத்து வெள்ளம் பீரோவையும் ஃபிரிட்ஜையும் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன பிறகு கட்டியது. மனையாவதற்கு முன் அங்கே நெல் போட்டவர்கள்தான் எல்லோரும். தண்ணீரை நிறுத்த அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மண்ணுக்குப் பதிலாகச் செங்கல்லும் சிமெண்டும் வந்தது, அவ்வளவே.

மோகன்ராஜ் தன் வீட்டு வரப்பைத் தானே கட்டினான். ஒரு ஜாண் உயரம், இரண்டு பக்கமும் சரிவு. பிறகு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இரண்டு கதவு, நாலு பேர் ஓட்டிக் கழித்தது. கேட்டில் அதைக் கோணலாக விட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால் அடி உரசாமல் தாண்டிவிடும்.

பகலில் தண்ணி லாரி ஓட்டுவான். மிச்ச நேரமெல்லாம் காருக்குக் கீழே. பிரேக் கட்டை மாற்றினான், சைலன்சர் மாற்றினான், சீட்டைப் பிரித்துத் தைக்கக் கொடுத்தான், பெயிண்டை மூன்று வகைத் துணியால் தேய்த்தான். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது.

இப்போது அதை விற்கிறார்கள். அவன் மனைவி ஹேமாவதிக்கு, கார் நிற்கும் போர்டிகோ வேண்டும். தாம்பரத்தில் துணிக் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்று நின்று அவள் முழங்கால் தேய்ந்துவிட்டது. அங்கே முன்பு சூப்பர்வைசராக இருந்த அருள்மேரி இப்போது பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் பிடித்து, வெட்டிய துணியை வீடுகளுக்குக் கொடுத்துத் தைத்து வாங்குகிறாள். மூன்று தையல் மிஷின் போட இடம் இருந்தால் வேலை உனக்கு என்றிருந்தாள். ஞாயிறு நாலு மணிக்கு இடம் பார்க்க வருவாள். இல்லையென்றால் சேலையூரில் ஷட்டர் போட்ட அறையோடு ஒருத்தி காத்திருக்கிறாள்.

காரை எடுக்க குரோம்பேட்டையிலிருந்து சிவகுமார் ஞாயிறு காலை வருவதாகப் பேச்சு.

சனிக்கிழமை காலையில் மோகன்ராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான். உள்ளே நாலு ஸ்பிரிங். பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டால் கார் மூன்று விரல் தாழ்ந்து நிற்கும். வாங்கி வைத்ததோடு சரி, மாட்ட நேரமே கிடைக்கவில்லை.

"விக்கப் போற காருக்கு இன்னாத்துக்குய்யா வேலை?"

"ஒரு தபா அது எப்டி நிக்கணுமோ அப்டி நிக்கட்டும் ஹேமா. அப்புறம் போவட்டும்."

"செத்தவனுக்கு சவரம் பண்ற மாதிரி கீது."

வீடியோவில் அந்த ஆள் பாட்டுப் போட்டுக்கொண்டு அரை மணியில் முடித்திருந்தான். இவனுக்கு முதல் போல்ட்டே துருவேறி இறுகிக் கிடந்தது. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, மேலே ஏறி நின்று மிதித்தான். ஸ்பிரிங்கை நெருக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வழுக்கியதில் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. மதியத்துக்கு மேல் ஹேமாவதியும் வந்து ஜாக்கியைப் பிடித்துக்கொண்டாள். சீக்கிரம் முடிந்தால்தானே சீக்கிரம் போகும். நாலாவது சக்கரத்தை மாட்டி இறக்கியபோது வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

கார் நன்றாகத்தான் நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் போனது. மோகன்ராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து அடியைப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. இடுப்பும் விடவில்லை.

காலையில் சிவகுமார் காரைச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். "செமயா இருக்குண்ணா. போன வாரம் பார்த்தப்போ இப்படி இல்லையே."

"நேத்து போட்டது. நீங்க உக்காருங்க, கேட்டு வரைக்கும் நானே எடுத்துத் தரேன்."

வழக்கம்போலக் கோணலாக விட்டான். முன் சக்கரம் ஒன்று ஏறியது, இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. பிறகு அடியில் தகரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். கார் வயிற்றை வரப்பின்மேல் வைத்து நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம்தான் சுற்றியது.

பக்கத்து வீட்டு கிட்டு பல் குச்சியோடு வெளியே வந்தான். "இன்னா மோகா, முட்டை போடுதா?"

"வந்து தள்ளுடா. வாய் பேசாத."

மூன்று பேரும் தூக்கித் தள்ளி உள்ளே கொண்டுபோனார்கள். கிட்டு வீட்டிலிருந்த சென்ட்ரிங் பலகையைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுப் பார்த்தார்கள். பலகை நடுவில் முறிந்தது. மறுபடி தள்ளினார்கள். ஹேமாவதி வாசற்படியில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடி கிளியரன்ஸ் செக் பண்ணலையாண்ணா?" என்றான் சிவகுமார். திட்டும் தொனி இல்லை. சட்டையெல்லாம் அழுக்காகியிருந்தது.

"வரப்பு மறந்து பூட்ச்சு தம்பி."

"ஐயோ. பழைய ஸ்பிரிங்கையே போட்டுடுங்களேன். நான் அடுத்த சண்டே வந்து எடுத்துக்கிறேன்."

பழையதை மாட்ட இன்னொரு முழு நாள் வேண்டும். மோகன்ராஜ் தன் கறுத்த நகத்தைப் பார்த்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தான்.

ஹேமாவதி பின்பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. வரப்பின் நடுவில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சிமெண்ட் சில்லு தெறித்தது.

"ஏய், இன்னா பண்ற? புரட்டாசி முடியப் போவுது. தண்ணி வந்தா?"

"தண்ணி வந்தா மிஷினைத் தூக்கி மாடில வெச்சுக்குவேன். இந்தக் காரைத் தூக்க முடியுமா, சொல்லு. நாலு மணிக்கு அக்கா வருது."

"அதுக்கு வரப்பையா?"

"அடுத்த ஞாயிறு, அதுக்கடுத்த ஞாயிறு. அஞ்சு வருஷமா ஞாயித்துக்கெழமையை அந்தக் காருக்கு அடியில பார்த்துகினு கீறேன்."

இரண்டாவது குத்தில் அவள் முழங்கால் மடங்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டாள். மோகன்ராஜ் அவள் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினான். அவன் கட்டியது. எங்கே கலவை கம்மி, எங்கே கம்பி செருகியிருக்கிறது என்று அவன் கைக்குத் தெரியும். ஆனாலும் லேசில் விடவில்லை. கிட்டு மாற்றிப் பிடித்தான். சிவகுமார் சில்லுகளை வாரி ஓரமாகப் போட்டான். மதியம் சோறு யாருக்கும் நினைப்பில் இல்லை.

தெரு அளவுக்கு வரப்பு தரையானதும் சிவகுமார் காரை நேராக ஓட்டிக்கொண்டு வெளியே போனான். எங்கும் உரசவில்லை. முனையில் திரும்பியபோது பின்பக்கம் தாழ்ந்து நின்ற அழகு ஒரு கணம் தெரிந்தது. மோகன்ராஜ் பார்த்தான். பிறகு கடப்பாரையைச் சுவரோரம் சாத்தினான்.

ஹேமாவதி தரையிலிருந்த ஆயில் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதே அருள்மேரி வந்துவிட்டாள். இடத்தைப் பார்த்தாள், பிளக் பாயிண்டைப் பார்த்தாள், வெளிச்சம் போதும் என்றாள். திரும்பும்போது கேட்டில் நின்றுவிட்டாள்.

"இது என்ன ஹேமா, ஒடச்சுப் போட்டிருக்க?"

"கார் வெளியே போவணும்க்கா. அதான்."

"எல்லாம் வெள்ளைத் துணிம்மா. சேறு பட்டா ஸ்கூல்காரன் திருப்பிடுவான். அடுத்த மாசம் மழை ஏறுச்சுன்னா நான் எங்க போய் நிக்கிறது?"

பின்பக்கமிருந்து மோகன்ராஜ் அரை மூட்டை சிமெண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினான். போன வருஷம் பாத்ரூமுக்கு வாங்கிய மிச்சம், ஓரத்தில் கட்டி தட்டியிருந்தது.

"இன்னிக்கே கட்டிடுவேங்க. நாளைக்குத் துணியை அனுப்புங்க."

அருள்மேரி அவன் கையைப் பார்த்தாள். "கட்டி முடிச்சதும் போன்ல போட்டோ அனுப்பச் சொல்லு ஹேமா" என்றுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

கட்டியைத் தட்டி உடைத்துக் கலவை போட்டு, உடைத்த செங்கல்லையே பொறுக்கி அடுக்கினான். பழைய உயரம் வந்ததும் நிறுத்தவில்லை. மேலே இரண்டு வரிசை ஏற்றினான்.

"இன்னும் எதுக்குய்யா?"

"இனிமே கார் இல்ல. எவ்ளோ ஒசரம் வேணும்னாலும் கட்டலாம்."

அவள் குப்பையைக் கொட்ட வெளியே போக வேண்டியிருந்தது. பக்கெட்டைக் கீழே வைத்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினாள். பாதி வரை வந்தது. காலை இறக்கிவிட்டு, இடது காலால் முயன்றாள். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பி உள்ளே போனாள்.

மோகன்ராஜ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் கால் எட்டிய உயரத்தை ஜாணால் அளந்தான். கலவை இன்னும் இறுகவில்லை. மேல் வரிசையில் முதல் கல்லை ஆட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அடுத்ததை எடுத்தான்.