மூன்றாம் பக்கத்து அட்டவணை

முனைவர் பட்டம் வாங்கியவள் பத்தொன்பது நேர்காணல்களில் கேட்ட பதில் ஒன்றுதான்: "இவ்வளவு படிச்சவங்க எங்ககிட்ட நிலைக்க மாட்டீங்க." கல்லூரிகளில் இடமே இல்லை, கம்பெனிகளிலோ படிப்பு ஜாஸ்தி. இருபதாவதற்குப் போகும் முன் கணவன் விண்ணப்பத்திலிருந்து பட்டத்தைத் தூக்கிவிட்டான். ஆராய்ச்சியில் கழிந்த ஆறு வருடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டுமே? படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரைக் கவனித்துக்கொண்டாள் என்று எழுதினான்.

"நல்லா இருக்கிறவளைப் படுக்கையில தள்ளிட்டீங்களேடா," என்றாள் மாமியார், மூன்று மாடி ஏறி வந்தும் மூச்சு வாங்காமல். "சரி, வேலை கிடைக்கட்டும். யாராவது வந்து பார்த்தா ரெண்டு தடவை இருமிக் காட்டுறேன்."

வேலை கிடைத்தது. பெயிண்ட் கம்பெனியில் பரிசோதனை உதவியாளர். காய்ந்த பெயிண்டைப் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீற வேண்டும், டேப்பை ஒட்டிப் பிய்க்க வேண்டும், எத்தனை கட்டம் கூடவே வருகிறது என்று பார்த்து பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுத வேண்டும். பெயிண்ட் ஏன் உரிகிறது என்று அவள் இருநூற்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். இங்கே அது ஒற்றைச் சொல். முதல் வாரம் பழக்கதோஷத்தில் ஃபெயிலுக்குக் கீழே காரணத்தையும் எழுதி, மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஐந்து மாதம் ஓடியது. வேலை நிரந்தரமாக மேனேஜருடையதும் அவளுடையதுமாக இரண்டு கையெழுத்துதான் பாக்கி. 'விண்ணப்பத்தில் எதையும் மறைக்கவில்லை' என்று அடியில் அச்சடித்த படிவம் மேனேஜர் மேசைக்கு வந்துவிட்டது. மறைத்தது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வாரம் பார்த்து, ஒரு புது ஆஸ்பத்திரியின் சுவரில் அவர்கள் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்தது. மேனேஜர் இணையத்தில் தேடி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிடித்து அச்செடுத்தார். தலைப்பைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுடையது.

"உன் பேருதான் இந்தம்மாவுக்கும்," என்றார்.

"தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பேர் சார்."

இனிஷியல் காப்பாற்றியது. கட்டுரையில் அப்பாவுடையது, விண்ணப்பத்தில் கணவனுடையது.

"புதுசாப் பூசின சுவரை ஏழு நாள் காயவிட்டு பெயிண்ட் அடிச்சாப் போதும்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்காங்க. இதையே எல்லா கான்ட்ராக்டருக்கும் அனுப்பிடலாம்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஊரிலுள்ள சுவரெல்லாம் உரிந்தால் அவளுக்கென்ன வந்தது? ஆனால் தன் வரியை ஒருவர் தப்பாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஆராய்ச்சி செய்தவர்களால் முடியாது. அது ஒரு வியாதி.

"அது ஜிப்சம் பூச்சுக்கு சார். சிமெண்ட் பூச்சுக்கு நாலு வாரம். மூணாம் பக்கத்து அட்டவணையில இருக்கு."

மேனேஜர் புரட்டினார். இருந்தது. மெதுவாக நிமிர்ந்தார்.

"நீ இன்னும் இதைத் தொடவே இல்லையே?"

அவளுக்கு நான்தான் எழுதினேன் என்று அந்த அறையே அதிரக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆறு வருடம், என்னுடைய ஆறு வருடம். மேசைமேல் படிவம் கண்ணில் பட்டது.

"பிரிண்டர் என் மேசைப் பக்கம்தானே சார். தாள் வரும்போது கண்ணுல பட்டுச்சு."

அவர் உடனே நம்பிவிட்டார். அத்தனை சுலபமாக நம்பியதுதான் அவளைச் சுட்டது. படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"கெட்டிக்காரிதான் நீ. மாமியாரைப் பார்த்துக்கிட்டு வீட்டுல கிடந்த ஆறு வருஷத்துல, இந்தம்மா மாதிரி ஏதாவது படிச்சிருக்கலாம்ல?"

"தோணலை சார்," என்று சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து, கணவனின் இனிஷியலைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.