அத்தான் அழித்த நாலு வரி

அத்தான் அழித்தது நாலே நாலு வரிதான். எழுதியவளுக்கோ நாலு மாதமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவள் எழுதியது எக்ஸ்ரே படங்களைக் காட்டும் லைப்ரரி, அதாவது வேறொரு புரோகிராமுக்குள் ஏறி வேலை செய்யும் துணைப் புரோகிராம். ஒரு மருத்துவமனையின் பழைய புரோகிராம் அதைத் தனக்குள் ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். அந்த லைப்ரரிக்கு ஐந்து துணைக் கோப்புகள் தேவை. அது அவற்றைத் தன் ஃபோல்டரில் தேடாது, தன்னை ஏற்றிய புரோகிராமின் ஃபோல்டரில்தான் தேடும். விருந்துக்குப் போனவன் தன் பையை மறந்துவிட்டு அடுத்தவர் அலமாரியைத் துழாவுகிற கதைதான். 'உன் ஃபோல்டரிலேயே பார்' என்று சொல்வதற்குத்தான் அந்த நாலு வரி.

அக்கா புருஷன்தான் அவளுக்கு டீம் லீடர். அவர் கணினியில் எல்லாக் கோப்புகளும் ஒரே ஃபோல்டரில் குவிந்து கிடந்ததால், அந்த வரிகள் இல்லாமலே எல்லாம் ஜோராக ஓடியது. "குப்பை" என்று அழித்தார். கையோடு அவள் பெயரையும் எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டு, அவளைப் பிரிண்டர் புகார்களைக் கவனிக்க அனுப்பிவிட்டார். அவள் வாயே திறக்கவில்லை. மருத்துவமனையில் லைப்ரரியும் பழைய புரோகிராமும் தனித்தனி ஃபோல்டர் என்பது அவளுக்குத் தெரியும்.

இன்று அங்கே செய்து காட்டும் நாள். பதினொரு மணிக்கு அங்கிருந்து அத்தான் போன் செய்தார்.

"கோப்பைக் காணோம்னு வருது. எல்லாம் கண்ணு முன்னாடிதான் இருக்கு!"

"பழைய புரோகிராம் பக்கத்துல போட்டுப் பாருங்க அத்தான்."

"அந்த ஃபோல்டரைத் தொடவே விடமாட்டேங்கறாங்க."

"அப்போ அந்தக் குப்பைதான் வேணும்."

"விளையாடாதே. ஆஸ்பத்திரி டைரக்டர் உட்கார்ந்திருக்கார். அக்கா முகத்துக்காகவாவது..."

"அக்காவை இழுக்காதீங்க. ஸ்பீக்கர்ல போட்டு, இதை எழுதினது யாருன்னு சொல்லுங்க."

ஸ்பீக்கரைப் போட்டார். "இது... என் மச்சினி கொஞ்சம் உதவி பண்ணினது."

"உதவியா?" என்றாள் அவள்.

"அவங்கதான் எழுதினாங்க. முழுசும். நான்தான் தெரியாம அழிச்சுட்டேன்."

அவளுக்கு எரிந்த வயிறு குளிர்ந்தது. அந்த நாலு வரியையும் சேர்த்துக் காலையிலேயே தயாராக வைத்திருந்த லைப்ரரியை அனுப்பினாள். அரை நிமிடத்தில் அங்கே திரையில் எலும்புகள் தெரிந்தன. "அடுத்த வேலைக்கு அவங்களையே அனுப்புங்க" என்ற டைரக்டரின் குரல் அவளுக்கும் கேட்டது.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "வீட்டுக்கு வந்ததிலேருந்து அவர் ஒரு வாய் சாப்பிடல. நாலு பேர் முன்னாடி மனுஷனைத் தலைகுனிய வெச்சுட்டியே. உனக்குத் தூக்கம் வருமாடி?"

"வரும்க்கா. இன்னைக்குத்தான் வரும்."