ஷெர்பாவில் காணாமல் போன கோடு

அந்தக் கோடு போயே போய்விட்டது. நான்கு நாளாக அருள்மணியும் முட்டி மோதிப் பார்க்கிறான், வருவேனா என்கிறது.

அருள்மணி பெங்களூரில் விண்வெளி ஆராய்ச்சி மாணவன். 2004-ல் தம்பி கல்யாணத்துக்காக ஆரணிக்கு வந்திருந்தான். வந்தவன் பந்தக்கால் நட்டாயிற்றா, பத்திரிகை வைத்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆய்வகத்து லேப்டாப்பை மாடியறையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சங்கதி இதுதான். தொலைதூரக் கருந்துளை ஒன்றிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பிரித்துப் படமாக வரைந்தால், அடியில் எட்டு என்று குறித்த இடத்துக்கு நேர் மேலே குட்டியாக ஒரு கோடு எழும்பி நிற்கும். அது இரும்பின் கோடு, ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில் நம்மை நோக்கிப் பாய்ந்து வரும் இரும்பு என்று அவன் கட்டுரை எழுதியிருந்தான். ஐந்து வருட உழைப்பு. எல்லாம் எக்ஸ்ஸ்பெக் என்ற மென்பொருளில் செய்தது. கட்டுரையை மதிப்பிட்ட புண்ணியவான், ஷெர்பா என்ற இன்னொரு மென்பொருளிலும் இதே கோடு வருகிறதா என்று காட்டச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமைக்குள் பதில் போக வேண்டும். கட்டுரை போனால் ஆய்வேடும் போச்சு.

ஷெர்பாவோ பிடிபடவே இல்லை. எக்ஸ்ஸ்பெக்கில் ஒரே வார்த்தையில் முடிகிற காரியத்துக்கு இங்கே மூன்று வரி. அங்கே கைப்பழக்கத்தில் விரல் தட்டியதெல்லாம் இங்கே தப்பு, தப்பு என்று திரும்பி வந்தது. அத்தனையும் ஒழுங்காகக் கொடுத்து ஓட்டினால், எட்டுக்கு மேலே வழித்துவிட்டாற்போல் ஒன்றுமில்லை. கீழே வீட்டுத் தறி, பவர்லூம், ஓடினால் மேஜை அதிர்ந்தது. கரண்ட் போனால் லூமும் நின்றது, பாட்டரி செத்த லேப்டாப்பும் நின்றது.

அண்ணன் லோகநாதன் பத்திரிகைக் கட்டோடு மேலே வந்தான். “தேவிகாபுரத்துக்கு யார் போறது? நாலு நாளா அதே படத்தைப் பார்த்துகினு இருக்கியே, பொண்ணு போட்டோவாடா அது?”

“சும்மா இருண்ணா, நானே பேஜார்ல இருக்கேன்! ஒரு வேலைக்கு ரெண்டு சாப்ட்வேரை எவன் செய்யச் சொன்னான்?”

“செஞ்சவனைப் போய்க் கேளு. என் மேல ஏன் பாயற?” லோகநாதன் பத்திரிகைக் கட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

வேறு வழியில்லாமல் அருள்மணி பெங்களூருக்குப் போன் போட்டான். ஆய்வகத்தில் தீபா எடுத்தாள். அவனுக்கு இரண்டு வருடம் ஜூனியர். ஷெர்பாவை இப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

“அது குப்பை தீபா. என் கோட்டையே முழுங்கிடுச்சு.”

“பின்னணியைக் கழிச்சீங்களாண்ணா?”

வெற்று வானத்திலிருந்தும் தொலைநோக்கிக் கருவியிலிருந்தும் வரும் கதிர்களுக்குத்தான் பின்னணி என்று பெயர். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே கருந்துளையுடையது.

“இதுல நாமளே பேர் சொல்லிக் கழிக்கணுமாமே. கழிச்சேன். எக்ஸ்ஸ்பெக்ல அந்தத் தொல்லையே இல்ல, தானா கழிச்சிக்கும்.”

“பைல்ல பின்னணியோட பேர் இருந்தாத்தாண்ணா தானா கழிக்கும். இருக்கான்னு ஒரு தபா பாருங்களேன்.”

“அஞ்சு வருஷமா பண்றேன், எனக்கே பாடமா?” என்று போனை வைத்தான். வைத்த கையோடு லேப்டாப்பை இழுத்துக்கொண்டான்.

அவர்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டளைகளை வரிசையாக எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றை மூத்தவர் இளையவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு தட்டு தட்டினால் எல்லாம் தானாக ஓடிவிடும். யாரும் உள்ளே வரிவரியாகப் படிப்பதில்லை. அருள்மணி இன்றைக்குப் படித்தான். பைலில் பின்னணியின் பெயரைச் சேர்க்கிற வரியை, முதல் வருடம் எதையோ சோதித்துப் பார்க்க அவனே வேலை செய்யாதபடி மூடி வைத்திருந்தான். திறக்க மறந்துவிட்டான். இப்போது திறந்து எக்ஸ்ஸ்பெக்கை ஓட்டினான். எட்டுக்கு மேலே அங்கேயும் ஒன்றுமில்லை.

இரும்புமில்லை, பாய்ச்சலுமில்லை. கருவிக்குள் இருக்கும் செம்பு சரியாக எட்டில் ஒளிரும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. ஐந்து வருடமாக அவன் தலையில் வைத்துக் கொண்டாடியது தொலைநோக்கியின் சொந்தச் செம்பை. அடப்பாவி! ஷெர்பாவை வைத வாயாலேயே தன்னையும் வைதுகொண்டான். ஷெர்பா சரியில்லை என்று நாலு வரி எழுதித் தப்பித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதற்கே கூசினான்.

மறுபடி தீபாவைக் கூப்பிட்டான்.

“நீ சொன்னதுதான் சரி. அந்த வரியை நான்தான் மூடி வெச்சிருக்கேன். கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கிறேன்னு எழுதப்போறேன்.”





“அண்ணா, அந்த ஸ்கிரிப்டைத்தான எனக்கும் குடுத்தீங்க? என் பேப்பர் முழுக்க அதுல பண்ணதுதான். போன மாசமே அச்சுல வந்துடுச்சே.”

அருள்மணி என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.