தொப்பி எட்டிய ஆணி

தோள்வலிக்குப் பயிற்சி பலன் தருகிறது என்று ஆராய்ச்சியில் நிரூபிக்காவிட்டால், கிர்கிஸ்தானின் நாரின் நகர மருத்துவமனையில் பெகிமாயின் பயிற்சியறையைத் துறைத்தலைவர் மூடிவிடுவார். வந்த நோயாளிகளோ, குதிரைமேல் இருந்தபடி ஆட்டுச் சடலத்துக்கு அடித்துக்கொள்ளும் கோக்போரு ஆட்டக்காரர்கள்.

"வலிக்குப் பத்துக்கு எவ்வளவு போடுவீங்கண்ணே?" என்று முதலில் வந்த தோரோபெக்கைப் பெகிமாய் கேட்டாள்.

"பூஜ்யம்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"பொண்டாட்டி தொல்லை தாங்கல."

எல்லோரும் பூஜ்யம்தான் சொன்னார்கள். எதிரணி ஆட்டக்காரர்கள் வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இல்லாத வலி குறைந்ததாக எந்த மகராசி நிரூபிப்பாள்?

தோரோபெக் கல்பாக் என்ற தன் கம்பளித் தொப்பியைக் கழற்றினான். கல்பாக்கை உயரத்தில்தான் மாட்டவேண்டும். கண்ட இடத்தில் வைப்பவனை அங்கே மனிதனாக மதிப்பதில்லை. வலக்கை தோளுக்கு மேல் ஏறவில்லை. எதிரணி பார்ப்பதால் இடக்கையைத் துணைக்கு அழைக்க மானம் விடவில்லை. தாழ்வான ஜன்னல் கொக்கியில் மாட்டிவிட்டுச் சுவரை முறைத்தான்.

அன்றே பெகிமாய் சுவரில் ஏணிபோல் ஆணிகள் அடித்தாள். வாரங்கள் போகப்போக, பயிற்சி செய்தவர்களின் தொப்பிகள் மேலே ஏறின. ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டவர்களின் தொப்பிகள் ஜன்னல் மட்டத்திலேயே தொங்கின.

துறைத்தலைவர் முகம் சுளித்தார். "உலகமே ஒத்துக்கிட்ட அளவுகோல விட்டுட்டு, தொப்பியாம்மா?"

"நீங்களே மாட்டிப் பாருங்க ஐயா."

தன் கல்பாக்கை உச்சி ஆணிக்கு நீட்டினார். கை பாதியில் நின்றது.

"வலிக்குதா ஐயா?"

"பூஜ்யம்," என்றவர், கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு எத்தனை மணிக்கும்மா அறையத் திறப்ப?"