தூர்டிஸ் சொல்லாத சட்டம்

வழக்கறிஞராக ஓய்வுபெற்ற பிறகுதான் தூர்டிஸ் மத்தியஸ்தரானார். நார்வேயின் மேற்குக் கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் நிலச் சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மத்தியஸ்தர் யாருக்கும் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. அந்த ஒரு விதியைக் காப்பது அவருக்குப் பல்வலியைப் பொறுத்துக்கொள்வது போல இருந்தது.

அன்று வந்தவர்கள் ஓஸ்முண்டும் சிக்ரிட்டும். முதியவரான ஓஸ்முண்ட் இளவயதிலிருந்தே பக்கத்து நிலத்தின் வழியாகத்தான் தன் படகுக் கொட்டகைக்கு நடப்பார். அந்த நிலத்தைச் சமீபத்தில் வாங்கிய சிக்ரிட் குறுக்கே வேலி போட்டுவிட்டார். இத்தனை காலம் நடந்த வழியில் கிழவருக்கு உரிமை உண்டென்று தூர்டிஸுக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது.

"அவங்க நிலம், அவங்க வேலி. கோடையில படகை இறக்க மட்டும் விட்டாப் போதும்" என்றார் ஓஸ்முண்ட்.

தூர்டிஸுக்கு நாக்கு அரித்தது. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேருமே ஒரு வக்கீலைப் பாத்துடுங்க."

"நீங்களே வக்கீல்தானே?" என்றார் ஓஸ்முண்ட்.

"இந்த மேஜையில இல்ல."

பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினார். "உள்ளதைச் சொல்லுங்க, எனக்கு உரிமை இருக்கா?" என்று ஓஸ்முண்ட் கேட்டார்.

"நான் சொல்லக்கூடாது. வக்கீலைக் கேளுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "புரியுது. இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல உங்களுக்கு மனசு வரல."

சிக்ரிட்டும் அதையே கேட்டார். அதே பதிலை அதே குரலில் தூர்டிஸ் சொன்னார். சிக்ரிட்டின் முகம் வெளுத்தது.

"அப்ப அவருக்கு உரிமை இருக்கு. இல்லாட்டி நீங்க பட்டுன்னு சொல்லியிருப்பீங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"சொல்லல, சொல்லல. நானும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

மறுபடி மேஜைக்கு வந்ததும் சிக்ரிட் முந்திக்கொண்டார். "வேலியில கதவு வெச்சுடறேன், பூட்டு கிடையாது. நீங்களும் உங்க பிள்ளைங்களும் எப்ப வேணா நடங்க." ஓஸ்முண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு உரிமையில்லாத ஒன்றைத் தானமாகக் கொடுக்கிறார் என்று நினைத்து, சிக்ரிட் வீட்டின் கடலோரச் சுவருக்குத் தானே வண்ணம் பூசித் தருவதாகச் சொன்னார்.

"அவசரப்படாதீங்க. ஒப்பந்தத்தை எடுத்துட்டுப் போய் வக்கீல்கிட்ட காட்டுங்க" என்று தூர்டிஸ் மன்றாடினார். இருவரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். நீதிமன்றத்தில் தொண்டை வறளப் பேசியும் இப்படியொரு முடிவை அவர் கண்டதில்லை. மகிழ்வதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ரொட்டிக் கடைக்காரி அவர் காதருகே குனிந்தாள். "என் தம்பிக்கு விவாகரத்துத் தகராறு. உங்ககிட்டதான் வருவேங்கிறான். நீங்க வாயைத் திறக்காமலே சட்டம் சொல்வீங்களாமே?"

மறுக்க வாயெடுத்தார் தூர்டிஸ். மறுப்பையும் ஒரு ஆலோசனையாக எடுத்துக்கொள்வாளோ என்று பயம் வந்தது. ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, முகத்தில் எதுவும் காட்டாமல், விறுவிறுவென்று வெளியேறினார்.