லேத்துக்குக் கயிறு கட்டிய நாள்

சூசைமுத்துவுக்கு வாய்தான் முதலில் ஓடும். வேலை பின்னால் நொண்டிக்கொண்டு வரும். "சாயங்காலத்துக்குள்ள புது சாப்ட்டு கடைஞ்சு தந்துருவேன்" என்று கன்னிவாடி உடையப்பனிடம் அடித்துச் சொல்லிவிட்டான். பட்டறைக்குள் நின்ற அவன் மனைவி ஜெயமேரிக்குப் பகீரென்றது. இந்த மனுசனைக் கட்டிக்கொண்ட நாளாய் இதே கூத்து!

உடையப்பனின் நெல் பால் பிடிக்கிற பருவம். தண்ணீர் இறைக்கும் பம்பில் சாப்ட்டுத் தண்டு முறிந்துவிட்டது. திண்டுக்கல்லில் மற்றப் பட்டறைகளிலெல்லாம் வேலை குவிந்து கிடந்தது. இன்று கிடைக்காவிட்டால் அம்புட்டும் பதராகிவிடும் என்றார் அவர்.

இரும்பு கடையும் லேத்து எந்திரம் என்னவோ ராசா மாதிரிதான் நின்றது. ஆனால் அது மூணு பேஸில், அதாவது மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. தெருவுக்கு வந்திருந்ததோ ஒற்றைப் பேஸ். யானையை வாங்கிவிட்டுத் தீனிக்கு முழித்த கதைதான். அதற்கும் சூசைமுத்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பழைய மூணு பேஸ் மோட்டார் ஒன்றைப் பக்கத்தில் போட்டு, அதன் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்துச் சுவிட்சைப் போட்டால், ஒற்றைப் பேஸிலேயே அது ஓடும். ஓடியபடி, இல்லாத மூன்றாவது பேஸை அதுவே உண்டாக்கி லேத்துக்குக் கொடுக்கும். நேற்று அவனே இழுத்துப் பார்த்தான். லேத்து ஓடியது, கூடவே அவன் உள்ளங்கைத் தோலும் உரிந்தது.

"இன்னைக்கு நீ இழு மேரி. சுவிட்ச்ச நான் பாத்துக்கிறேன்."

அவள் கயிற்றைச் சுற்றி இடது கையில் பிடித்தாள். கிணற்றில் தண்ணீர் சேந்துவதும் அவளுக்கு அந்தக் கைதான். உடையப்பன் பதறினார்.

"தாயி, நல்ல காரியம். பீச்சாங்கையால தொடங்காத."

வலது கைக்கு மாற்றி இழுத்தாள். மோட்டார் முனகியதே தவிர ஓடவில்லை. சூசைமுத்து பட்டென்று சுவிட்சை அணைத்தான். "அட போங்கய்யா!" என்று மறுபடி சுற்றி இடது கையால் விட்டாள் ஒரு இழுப்பு. மோட்டார் சீறிக்கொண்டு கிளம்பியது!

சூசைமுத்து லேத்தைப் போட்டான். இரும்புத் தண்டு சுற்றியது. ஐயோ, தலைகீழாகச் சுற்றியது! உளி செதுக்காமல் தேய்த்தது. தண்டைக் கவ்வியிருந்த சக்கு மரையிலிருந்து கழன்றுவரப் பார்த்தது. பாய்ந்துபோய் அணைத்தான். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தாற்போல் ஆயிற்று. ஒயர் மாறியிருக்குமோ என்று லைனில் வரும் இரண்டையும் மாற்றிக் கட்டினான். மறுபடி இழுத்தாள். மறுபடியும் தலைகீழ்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல?" உடையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பீச்சாங்கை பட்டா இப்படித்தான். எம்புட்டுப் பாடுபட்ட வெள்ளாமை!"

ஜெயமேரிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன. கயிற்றை வீசி எறியப் போனவள் சட்டென்று நின்றாள்.

"ஏங்க, நேத்து நீங்க இதை எப்படிச் சுத்துனீங்க?"

அவன் காற்றில் கையைச் சுழற்றிக் காட்டினான். இடதுகைக்காரியான அவள் சுற்றியதற்கு நேர் எதிர்ப் பக்கம்.

"அடக் கடவுளே! நாம இழுத்துவிட்ட பக்கந்தான மோட்டாரு ஓடுது? அதப் பாத்துத்தான லேத்தும் ஓடுது!"

கயிற்றை மாற்றிச் சுற்றினாள். கையை மட்டும் மாற்றவில்லை. விட்டாள் ஒரு இழுப்பு! லேத்து நேராக ஓடியது. உளி பட்டதும் இரும்புச் சுருள் பொரிபொரியாய்த் தெறித்தது. "ஓடுது மேரி, ஓடுது!" என்று சூசைமுத்து சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தான். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் சொன்ன நேரத்துக்கு வேலை முடிந்தது.

அறுப்பு முடிந்த கையோடு உடையப்பன் ஒரு பையில் புது அரிசி கொண்டுவந்தார். ஜெயமேரி வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவர் பையைக் கொடுக்காமல் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கை வேணாம் தாயி. எங்க வீட்டுக்குச் சோறு போட்ட கைய நீட்டு."