அம்மாவின் சட்டைகள்

தையற்கடைக்காரர் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். சக்கரம் சுற்றியது, ஊசி ஏறி இறங்கியது. ஆனால் ஊசியில் நூல் இல்லை. அவருடைய காது முழுக்கக் கடைக்குப் பின்னால் இருந்த அறைக் கதவின்மேல் இருந்தது. மிதித்தால் உள்ளே பேசுவது கேட்காது. மிதிக்காவிட்டால் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும். ஆகவே கொஞ்சம் மிதிப்பதும் கொஞ்சம் நிறுத்துவதுமாகப் படாதபாடு பட்டார்.

உள்ளே இரண்டு கல்லூரி மாணவிகள் அவர் மகளோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புற்றுநோய் வந்த வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பார்களாம். காசு வாங்க மாட்டார்களாம். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். மனைவியும் சரியென்று தலையாட்டிவிட்டாள். அவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எலி அம்மணமாக ஓடினால் அதற்கொரு காரணம் இருக்கும் என்பது அவர் கட்சி. போட்டோ பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவார்களோ? அதைவிட, வியாதியின் பெயரைப் பிள்ளையிடம் உளறிவிடுவார்களோ?

மகளிடம் அவர் சொல்லியிருந்தது வயிற்றுப்புண் என்று. மனைவி இளைப்பது தெரியக்கூடாதென்று அவளுடைய சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்து, மிச்சத்தை வெட்டி எறிந்துகொண்டிருந்தார். எதுவும் தொளதொளவென்று தொங்காது. தையல் தெரிந்தவன் செய்யக்கூடிய ஏமாற்று வேலை.

மிஷின் நின்றிருந்த நேரத்தில் மகளின் குரல் கேட்டது.

"அக்கா, பொம்மைச் சட்டைய இன்னும் சின்னதா ஆக்கணும். அதுக்கு உடம்பு இளைச்சுக்கிட்டே போகுதுல்ல?"

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"பிள்ளைகிட்ட என்னம்மா சொல்லி வச்சீங்க? உங்கள நம்பி வீட்டுக்குள்ள விட்டேனே! கிளம்புங்க முதல்ல!"

மாணவிகளில் சின்னவள் மிரண்டுபோய்ப் பையை எடுத்தாள். மூத்தவள் அசையவில்லை.

"நாங்க ஒண்ணும் சொல்லலைண்ணா. அவளாத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. அப்பா அம்மா சொல்ல வேண்டியத நாங்க சொல்லக் கூடாது. இன்னைக்கு உங்ககிட்டப் பேசணும்னுதான் இருந்தோம்."

பொம்மையின் சட்டை, அவர் வெட்டி எறிந்த துண்டுத் துணி. மகள் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நீ அம்மா சட்டைய எல்லாம் சின்னதாக்குறது எனக்குத் தெரியும்ப்பா. எல்லாம் என்னாலதானே?"

"உன்னாலயா? என்னடா சொல்ற?"

"நீ குண்டா இருக்க, ஸ்கூலுக்கு வராதன்னு நான்தான் அம்மாவத் திட்டினேன். அப்புறம்தான் அம்மா சரியாவே சாப்பிடல. நான் அழுவேன்னுதானே நீ பொய் சொல்ற?"

வாசலில் காவல் இருந்தவருக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லை. மகள் கொஞ்ச நாளாக அம்மா பக்கமே போகாமல் இருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு வந்திருக்கிறது கேன்சர்டா கண்ணு. யாரு திட்டினாலும் அது வராது. தொட்டாலும் ஒட்டாது. டாக்டருங்க மருந்து குடுக்கிறாங்க. குணமாகுமான்னு அப்பாவுக்கும் தெரியல. தெரிஞ்சா உன்கிட்டச் சொல்லுவேன்."

மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நான் அம்மாகிட்டப் போய்ப் படுத்துக்கலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாணவிகளைப் பார்த்தார்.

"உங்களச் சந்தேகப்பட்டேம்மா, மன்னிச்சிடுங்க. பிள்ளைங்ககிட்ட உண்மைய மறைச்சா அதுங்க நம்மளச் சந்தேகப்படாதும்மா, தன்னையேதான் சந்தேகப்படும்."